பச்சைக்குழித் தண்ணீர்: என் மகனுக்கு

பாபுவுக்கு,

இங்கே யாரும் நலமில்லை. உன் அம்மா பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுகிறேன், கோபம் வந்தால் எனக்குப் பசி கூடும் என்பது உனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு விருப்பமில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் லாட்ஜில் உன் மெட்ராஸ் கூட்டாளிகள் இரண்டு பேரோடு ரூம் போட்டிருக்கிறாய், வருகிற திங்கட்கிழமை பச்சைக்குழியில் மோட்டார் இறக்கப் போகிறாய் என்று நம் வேர்க்கடலை மண்டிக்கு மல்லாட்டை கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் எனக்குச் சேதி சொல்லிவிட்டுப் போகிறார்கள். அப்பன் வீடு அரை மைலில் இருக்க லாட்ஜில் தங்குகிற மகனோடு வாயால் பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். இதன் நகல் ஒன்று உன் கூட்டாளிகளுக்குப் போகிறது. இன்னொன்று குழிக்குக் கீழே கழனி வைத்திருக்கிறவர்களுக்குப் போகிறது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

அன்றைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்து நீ சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. “நீங்க மூட்ட தூக்கி மேல வந்தவரு, ஒத்துக்கறேன். ஆனா மைன்ஸ் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்? முப்பது நாளு தண்ணி எறச்சுட்டு பயந்துக்கினு ஓடியாந்துட்டீங்க.” உன் அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாய். நான் மோர் வரைக்கும் சாப்பிட்டுவிட்டுத்தான் கை கழுவினேன். மூட்டை தூக்கினேன் என்றாயே, அது உண்மை. பயந்து ஓடி வந்தேன் என்றாயே, அது பொய். நான் பயப்படவே இல்லை. பயந்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். அந்தக் கதையில் நீ பார்த்தது பாதி. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட.

அந்தக் குழி என் கைக்கு வந்ததே ஒரு திருட்டு மூட்டையால்தான். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏழுமலை என்கிறவன் மல்லாட்டை கொண்டுவந்து போட்டான். மூட்டையைத் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே கல் இருக்கிறது என்று. எடை ஏற்றுவதற்குக் கல் போடுவது அவன் ஒருத்தன் செய்த வேலை இல்லை. நான் கூலியாக இருந்தபோதே அந்த வித்தையெல்லாம் பார்த்தவன். மூட்டையைக் கவிழ்க்கச் சொன்னேன். கொட்டின காயில் நாலு கல் உருண்டது. மூன்று சாதாரணக் கல். நாலாவது கை அகலம்தான் இருக்கும், மேலெல்லாம் மயில் கழுத்து மாதிரிப் பச்சை, தூக்கினால் அதன் அளவுக்கு ஏற்காத கனம். ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். “கல்லு எப்டி வந்துச்சுன்னே தெர்லீங்க மொதலாளி.” “தானா நடந்து வந்து மூட்டைக்குள்ள பூந்துகிச்சா?” என்றேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான். அவனைத் திட்டி அனுப்பியிருக்க வேண்டும். நான் டீ வாங்கிக் கொடுத்து, அந்தக் கல் எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

எந்தக் காலத்திலோ தோண்டி, வெள்ளைக்காரன் நாளில் மறுபடி யாரோ கொஞ்சம் தோண்டிப் பார்த்துக் கைவிட்டுப் போன செம்புச் சுரங்கம் அது. ஊரார் பச்சைக்குழி என்பார்கள். கிணறு மாதிரி நேராக இறங்கும், வாய் வரைக்கும் தண்ணீர், சுற்றிலும் முள்ளும் பச்சைக் கறை படிந்த கல் குவியலும். ஆடு மேய்க்கிறவர்கள்கூட அந்தத் தண்ணீரை ஆட்டுக்குக் காட்டமாட்டார்கள். அதை நான் அப்போதே விசாரித்திருக்க வேண்டும். எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் செம்பு விலை ஏறிக்கொண்டே போகிறது என்கிற பேச்சுதான். குன்றுச் சரிவில் குழி இருந்த இடத்தைப் பட்டாக்காரர்கள் ஒழிந்தால் போதும் என்று கொடுத்தார்கள். வேலூருக்கு நடையாய் நடந்து ஆய்வு செய்ய லைசன்ஸும் வாங்கினேன். அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீரை இறைக்க வேண்டும். அதற்கு ஆரோக்கியம் மேஸ்திரியைப் பிடித்தேன். கோலார் சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கி ஏறியவர், ஆந்திரா பக்கம் ஒரு செம்புச் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர். இரண்டு ஆயில் இன்ஜின் வைத்து இறைக்க ஆரம்பித்தோம்.

எமர்ஜென்சி வந்ததற்கு முந்தின வருஷம் அது. ஏரி வெடித்துக் கிடந்தது. கிணற்றில் குடம் முழுகவில்லை. அப்படிப்பட்ட வருஷத்தில் குழியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டினால் ஜனம் சும்மா இருக்குமா? குழிக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஏழுமலையின் மூன்று ஏக்கர். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் ஏரிக்கரை. அவன் கழனி வழியாகப் போனால்தான் வண்டி குழிக்குப் போகும். வழி விடுவாயா என்று கேட்டேன். “வழி எடுத்துக்குங்க. தண்ணிய எங் கழனில வுடுங்க, அது போதும்” என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேண்டாம் என்று வெளியே கொட்டுகிற தண்ணீர், அதற்குப் பதிலாக வழி. இதைவிட லாபமான பேரத்தை நான் மண்டியில் முடித்ததில்லை.

அரிவாள் சமாச்சாரம் உனக்கு நினைவிருக்கும். நீ பி.யு.சி. முடித்துவிட்டு ஊரில் இருந்தாய். ஏழுமலையின் பெண்சாதி முனியம்மா வாய்க்கால் வெட்டிவிட்டு அரிவாளைக் குழாயடித் தண்ணீரிலேயே மறந்துவிட்டுப் போனாள். மறுநாள் எடுத்தால் இரும்பு முழுக்கச் செக்கச்செவேல் என்று செம்புப் பூச்சு. ஊரே கூடிவிட்டது. அரிவாளுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். “இந்தத் தண்ணி பட்டா மண்ணே பொன்னாவும்” என்று பூசாரி சொன்னார். வாய்க்காலில் தண்ணீர் திரும்பும் இடத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். அத்தனை பேர் கும்பிட்ட தண்ணீரை நான் ஏன் சந்தேகப்பட வேண்டும்? உள்ளே செம்பு நிறைய இருக்கிறது என்பதற்கு அரிவாளே சாட்சி என்று நான் மண்டியில் பத்துப் பேருக்குக் காட்டினேன். நீ அதைத் துணியில் சுற்றி மெட்ராசுக்கு எடுத்துக்கொண்டு போனாய். கல்லைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று அங்கிருந்து கடிதம் போட்டாய். எனக்குப் பெருமையாக இருந்தது.

நீ ரயில் ஏறின அன்றைக்குச் சாயங்காலம் மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குழாயடியில் வைத்துச் சொன்னார். “மொதலாளி, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தண்ணி இரும்பத் துன்னுட்டு செம்பத் துப்புதுங்க. இத்த வேருக்கு வுட்டா வேர வுடுமா? நான் ஆந்திரால பாத்துருக்கேன். ஓடைல கூட வுடக் கூடாது. சுண்ணாம்புத் தொட்டி கட்டி, தெளிய வெச்சு, அப்பறம்தான் வெளிய வுடணும்.” தொட்டி கட்ட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டேன். ஒரு மாசம் என்றார். ஒரு மாசத்தில் மழை வந்துவிட்டால் குழி மறுபடி நிறைந்துவிடும். “எறைங்க. அப்பறம் பாத்துக்கலாம்” என்றேன். “கழனிக்காரங்க கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்.” “நான் சொல்லிக்கறேன்.” சொல்லவில்லை, பாபு. இதை நீ இரண்டு தடவை படி. தெரியாமல் செய்தேன் என்று இத்தனை நாள் நீ நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடு.

பன்னிரண்டாவது நாள் மல்லாட்டைச் செடி ஓரமெல்லாம் மஞ்சள் கட்டிவிட்டது. ஏழுமலை ஒரு பிடி செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு மண்டிக்கு வந்தான். வேர் கறுத்துக் கட்டையாய் இருந்தது. “இன்னா மொதலாளி இது, தண்ணி பாய பாய காயுது?” அத்தனை பேர் எதிரில் கேட்டான். நான் செடியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். பிறகு கேட்டேன்: “ஒரம் யாரு போட்டது?” “எம் பொண்டாட்டிதாங்க.” “ஜாஸ்தி போட்டுட்டா. வேர் வெந்து போச்சு. பொம்பளைங்க கைல ஒரத்தக் குடுத்தா இப்டித்தான்.” கூட இருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள். அவன் செடியைத் தூக்கித் தெருவில் எறிந்துவிட்டு, அவளை உதைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனான். உதைத்திருக்கிறான். பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட பிறகும் வாய் திறக்கவில்லை.

முப்பதாவது நாள் அடியில் பாறை தெரிந்தது. மேஸ்திரி இறங்கிப் பார்த்து, செம்பு ஓடுகிற பட்டை அங்கே விரல் கனம்தான், இன்னும் கீழே போனால் அகலமாகலாம் என்றார். அதற்குள் கோடை மழை கொட்டி ஒரே நாளில் குழி நிரம்பி, ஒரு இன்ஜின் உள்ளே போய்விட்டது. வேலையை நிறுத்தியது மழைதான். என் மனசாட்சிக்கு அதில் பங்கில்லை. அடுத்த பருவம் ஏழுமலை மறுபடி விதை போட்டான், முளைக்கவில்லை. கேழ்வரகு போட்டான், முளைக்கவில்லை. அதற்கடுத்த தை மாசம் கழனியை என்னிடமே விற்றுவிட்டு, பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு கட்டட வேலைக்கு பெங்களூர் பஸ் ஏறினான். மனசு கேட்காமல் வாங்கினேன் என்று நினைக்காதே. வழி என் கைக்கு வந்துவிட்டது என்று சந்தோஷமாக வாங்கினேன். விலையையும் குறைத்துத்தான் கொடுத்தேன். புல் முளைக்காத நிலத்துக்கு யார் ஜாஸ்தி கொடுப்பார்கள்?

இப்போது உன் விஷயம். வடக்கே நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து, குழியை மறுபடி எடுக்கிறேன் என்றாய். போன வருஷம் நீ நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். துளை போட்டுப் பார்த்தாய், கீழே பட்டை அகலமாக இருக்கிறது என்றாய். நான் விட்டதை நீ பிடிக்கிறாய் என்று எனக்கும் ஆசைதான். அப்புறம்தான் நீ ஊர் ஊராகக் கொடுத்த நோட்டீஸ் என் மேஜைக்கு வந்தது. குழித் தண்ணீர் முழுக்க விவசாயிகளுக்கு இலவசம், கீழே உள்ள நாற்பது வீட்டுக் கழனிக்கும் வாய்க்கால் வெட்டித் தரப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாய். பதறிப்போய், அந்தத் தண்ணீர் ஆகாது என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று நீ கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். மண்டிக்காரனுக்கு என்ன தெரியும் என்று கேட்டாய்.

கோபத்தில் நீ விட்டுப்போன ஃபைலை நான் எடுத்துக்கொண்டு, ரிடையரான கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர் வீட்டுக்குப் போனேன். எனக்கு இங்கிலீஷ் ஓடாது என்பது உனக்குத் தைரியம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். “இந்தத் தண்ணிய லேப்ல குடுத்துப் பாத்துருக்காரு உங்க பையன். இத்த பாய்ச்சினா பயிர வுடுங்க, புல்லு கூட வராது. நல்லா தெரிஞ்சவர்தான், இதோ கடைசி பக்கத்துல சுண்ணாம்புத் தொட்டிக்கு பிளான் போட்டு, அளவெல்லாம் எழுதிருக்காரு.” “அப்ப தொட்டி கட்டப் போறானா?” “இல்லீங்க. அது மேல பென்சில்ல கோடு போட்டு, இப்ப வேணாம்னு தமிழ்ல எழுதிருக்கு. இது யாரு கையெழுத்து?” உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? ஒண்ணாம் வகுப்பிலிருந்து பார்க்கிறேன்.

நீ என்னைவிட மோசம். எனக்கு ஒரு மேஸ்திரிதான் சொன்னார், நான் அவர் பேச்சை ஒதுக்கினேன். நீ உனக்கு நீயே எழுதி வைத்து, அதன் மேல் நீயே கோடு போட்டிருக்கிறாய். நான் கெடுத்தது மூன்று ஏக்கர், நீ கெடுக்கப் போவது நாற்பது வீடு. தொட்டி கட்டினால் கூட்டாளிகள் பணத்தைத் தாமதமாக்குவார்கள், மழைக்கு முன்னால் அடி தெரியாது, இதெல்லாம் நீ சொல்லாமலே எனக்குத் தெரியும். நானும் அதே கணக்குத்தான் போட்டேன். பயிர் காய்ந்ததும் நீயும் எவளாவது ஒருத்தியைக் காட்டி, உரம் ஜாஸ்தி போட்டுவிட்டாள் என்பாய்.

அடுத்த நாள் ஏழுமலையின் சொந்தக்காரர்களிடம் விலாசம் வாங்கிக்கொண்டு பெங்களூர் போனேன். பாதி எழும்பின கட்டடத்துக்கு வாட்ச்மேன் அவன். தகரக் கொட்டகை. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன், மேஸ்திரி சொன்னது முதற்கொண்டு. அவன், “அப்போ ஒரம் இல்லியா?” என்று மட்டும் கேட்டான். “இல்ல.” அடுப்புப் பக்கம் திரும்பி, “பன்னண்டு வருசமா இவளத்தான் சொல்லிக்கினு இருந்தேன். கழனிய எரிச்சவளேன்னுதான் கூப்புடுவேன்” என்றான். முனியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. “ரெண்டு மொறம் ஒரந்தான் போட்டேன்னு எத்தினி தபா சொன்னேன். கேட்டியா நீ?” என்று அவனைக் கேட்டாள். அவன் தலை குனிந்தவன் அப்புறம் நான் கிளம்புகிற வரைக்கும் நிமிரவில்லை.

பிறகு என்னைப் பார்த்தாள். “இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?”

“கழனிய உங்களுக்கே திருப்பி எழுதித் தர்றேன்.”

“செத்த கழனிய வெச்சுக்கினு இன்னா பண்றது?”

“அது வழியாத்தான் எம் பையன் லாரி போவணும்” என்று நோட்டீஸைப் பற்றிச் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. “நீ கழனி குடுக்க வரல. ஒம் புள்ளைக்குக் குறுக்க நிக்க ஆள் தேடிக்கினு வந்துக்கிற.” அதுவரை வாங்க போங்க என்றவள், அந்த இடத்தில் நீ என்றாள். ஆமாம் என்றேன். அவளிடம் போய் வியாபாரம் பேசியது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உன்னை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் பேச்சை நீ கேட்கமாட்டாய். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போனால் தீர்ப்பு வருவதற்குள் நீ இறைத்து முடித்துவிடுவாய். “சரி எழுது. எம் பேர்ல எழுது, இவரு பேர்ல வாணாம். மன்னிப்பு கின்னிப்புனு எதுவும் ஆரம்பிக்காத. எனக்கு அடுப்புல வேல கெடக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ பெரிய படிப்புப் படித்தவன். குழிக்கு எழுதி வாங்கினாய், குன்றுக்கு எழுதி வாங்கினாய். அப்பன் நிலம்தானே என்று வழிக்கு மட்டும் எழுதி வாங்கவில்லை. மண்டிக்கு வந்த முதல் வருஷமே நான் கற்றுக்கொண்ட பாடம் அது. சொந்தக்காரன் என்பதற்காக ஒரு சீட்டைக்கூட எழுதாமல் விடக் கூடாது. அந்த மூன்று ஏக்கரும் நேற்று மத்தியானம் முனியம்மா பெயருக்கு ரிஜிஸ்தர் ஆகிவிட்டது. என்னிடம் வந்து கத்தினாலும் காலில் விழுந்தாலும் நான் செய்யக்கூடியது இனிமேல் ஒன்றுமில்லை. உன் அம்மாவைத் தூது அனுப்பாதே, அவளிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு என்னோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள். உன் ஃபைலை மேஸ்திரி வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன். பல் போய்விட்டது, கண் மங்கிவிட்டது, ஆனால் தொட்டி எப்படிக் கட்டுவது என்று சொல்வதற்கு அவருக்கு வாய் இருக்கிறது. போய் வாங்கிக்கொள். அந்தத் தொட்டி வேலை செய்கிற வரைக்கும் நம் வீட்டுப் படி ஏறாதே. உன் மேல் பாசம் இல்லாமல் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால், அப்படியே வைத்துக்கொள்.

திங்கட்கிழமை உன் லாரி வரும்போது முனியம்மா வழியில் உட்கார்ந்திருப்பாள். ஜீப்பில் இருந்தபடி பேசாதே, இறங்கி நின்று பேசு. என் பெயரை எடுக்காதே, எடுத்தால் காரியம் இன்னும் கெடும். பணம் நீட்டாதே. உன் கூட்டாளிகளைப் பின்னால் நிற்கச் சொல். அவள் கேட்கப் போவது ஒன்றுதான், ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் என்னிடம் சொல்லி அனுப்பினாள்: “ஒம் புள்ளய அந்தக் குழித் தண்ணிய ஒரு சொம்பு மொண்டு, எம் முன்னால நின்னு குடிக்கச் சொல்லு. அப்பறம் லாரி போவட்டும்.”

சொம்பை அவளே கொண்டு வருகிறாளாம்.

உன் அப்பா